தேதி மாறாத அச்சகம்

செங்குட்டுவன் அச்சகத்தில் அடித்த முகூர்த்தத் தேதியை மாற்ற எமனுக்கும் அதிகாரமில்லை. ராயபுரத்துக்கே அச்சக முதலாளி செங்குட்டுவன் சொல்லிவரும் சத்தியம் இது. ஊரடங்கில் தள்ளிப்போகும் கல்யாணங்களுக்கு, பத்திரிகைத் தேதிமேல் புதுத் தேதிச் சீட்டு ஒட்டித்தரும் எதிர்க்கடை வேலப்பனைப் "பஞ்சர் கடை" என்று சிரிக்கிறவரும் அவர்தான். பாதி இறக்கிய ஷட்டருக்கடியில் வெயிலோடு குனிந்து நுழைகிறாள் காசிமேட்டு மீன்காரி பச்சையம்மா. இடுப்பில் மகளின் கல்யாணப் பத்திரிகைக் கட்டு. இந்த மாதம் இயந்திரம் ஓடிய ஒரே வேலை. "முகூர்த்தம் வச்ச ஞாயித்துக்கிழமையும் ஊரடங்குன்னு மூடிட்டான் நைனா. புதுசா அடிக்க வக்கில்ல, மீன் ஏலமே நின்னுகினு கீது. நீ ஒட்டலன்னா வேலப்பன் ஒட்டுவான்."

"புதுத் தேதி இன்னாம்மா?"

"யாருக்குத் தெரியும்?"

செங்குட்டுவன் எதிர்க்கடையைப் பார்க்கிறார். சீட்டு பறக்காதிருக்க மின்விசிறியை நிறுத்துகிறார். பிறகு, ஒன்றும் அச்சிடாத வெள்ளைச் சீட்டில் பசை தடவி, தேதியின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துகிறார்.