லாயத்துக் குதிரை

"குதிரையா? தண்டச்சோறு! அதுல ஏறி இறங்கற நேரத்துக்கு நடந்தே போயிடலாம்."

ரெதுவான் ரொட்டியைப் பிய்த்து எண்ணெயில் தோய்த்தபடி சொன்னான். தங்கை ஹனானுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"எவ்வளவு பெரிய உலகம் அந்த வீடியோ விளையாட்டுல! கோட்டையிலேர்ந்து மலைக்குக் குதிரையில போனா அஞ்சு நிமிஷம். நீ அரை மணி நேரம் லொங்கு லொங்குன்னு நடக்கற. நீ என்ன வீரனா, தபால்காரனா?"

"ஓநாய் வந்தா மொதல்ல ஓடறது யாரு? உன் கறுப்பிக் குதிரைதான். பாறையில ஏறாது, ஆத்துல இறங்காது. ஒரு மூலிகை பறிக்கணும்னா இறங்கு, ஏறு, இறங்கு, ஏறு. வாங்கின நாள்லேர்ந்து லாயத்துலதான் நிக்குது. என் கையில விளையாட்டு இருக்கற வரைக்கும் அங்கயேதான் நிக்கும்."

"பாவம்டா அது."

"புல்லு தின்னுட்டு நிம்மதியா இருக்குடி."

அம்மா ஜொஹ்ரா சிரித்துக்கொண்டே அவன் தட்டில் இன்னொரு ரொட்டியை வைத்தாள். குதிரையைப் பற்றியோ கழுதையைப் பற்றியோ பேசட்டும், கடலைப் பற்றிப் பேசாமல் இருந்தால் சரி. அல்ஜீரியாவின் இந்த மொஸ்தகானெம் கரையிலிருந்து கோடை பிறந்தாலே பையன்கள் திருட்டுப் படகேறி ஸ்பெயினுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். சிலர் அங்கிருந்து போட்டோ அனுப்புகிறார்கள். சிலரிடமிருந்து ஒன்றுமே வருவதில்லை.

அன்று சாயங்காலம் மகனின் கட்டிலுக்கடியில் பெருக்கியபோது துடைப்பத்தில் ஏதோ தட்டுப்பட்டது. இழுத்துப் பார்த்தாள். ஆரஞ்சு நிறத்தில், புத்தம் புதிதாக, கடலில் மிதப்பதற்கான ஜாக்கெட்.

ஜொஹ்ரா சத்தம் போடவில்லை. கத்தரிக்கோலை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யம்மா! என்ன காரியம் பண்ணி வெச்சிருக்க!" வீடு திரும்பிய ரெதுவான் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"நீச்சல் தெரியாதவனுக்குக் கடல்ல என்னடா வேலை? இனிமே எப்படிப் போறேன்னு நானும் பாக்கறேன்."

அவன் தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மதியத் தொழுகை முடிந்து, பக்கத்து வீட்டு யமீனா ஒரு கிண்ணத்தில் கூஸ்கூஸ் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இன்னிக்குக் கடலைப் பாத்தீங்களா? எண்ணெய் ஊத்தின மாதிரிக் கிடக்கு. விடியறதுக்கு முன்னாடி ரெண்டு படகு போயிருக்காம். பேக்கரிக்காரர் மகன் போனை எடுக்க மாட்டேங்கறானாம். அவங்கம்மா கரையில போய் உக்காந்திருக்கா."

ஜொஹ்ரா மகனின் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க ரெதுவான் எங்க?" யமீனா குரலைத் தணித்துக் கேட்டாள்.

"உள்ளதான் இருக்கான். நேத்துலேர்ந்து என்கூடப் பேச்சே இல்ல. காலையில தட்டைக் கதவுகிட்ட வெச்சேன். திரும்பிப் பாக்கறதுக்குள்ள எடுத்துக்கிட்டான்." சொன்னவள் எழுந்து போய்க் கதவருகே குனிந்தாள். "ரெதுவான்! மோர் வேணுமாப்பா?"

உள்ளிருந்து டக், டக் என்று இரண்டு தட்டு.

"வேண்டாமாம். கோவம்னா வாயே தொறக்க மாட்டான், தட்டித்தான் பதில். சின்னதுலேர்ந்தே இப்படித்தான்."

"போகட்டும், பிள்ளை வீட்டோட இருக்கானே. ஹனானையும் காணோம்?"

"சிநேகிதிக்குக் கல்யாணம். மருதாணி வைக்கணும்னு, நான் எழுந்திருக்கறதுக்குள்ள ஓடிட்டா."

யமீனா உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். "மெத்துமெத்துன்னு இருக்கே, புதுத் திண்டா?"

"அந்த ஜாக்கெட்டைப் பிரிச்சு, உள்ள இருந்ததையெல்லாம் திணிச்சுத் தெச்சுட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஜொஹ்ரா புதினாத் தேநீரை ஊற்றினாள். காலையிலிருந்து நெஞ்சில் ஏறியிருந்த கல் சற்று இறங்கின மாதிரி இருந்தது.

"அது என்னக்கா சத்தம், டொக்கு டொக்குன்னு?"

"விளையாட்டுல வர்ற குதிரை. விடிஞ்சதுலேர்ந்து ஓட்டிக்கிட்டே இருக்கான். இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டேதான் நானே நடமாடறேன். நேத்துத்தான் தங்கச்சிகிட்ட, குதிரை தண்டம், லாயத்தை விட்டே..."

ஜொஹ்ரா பாதியில் நிறுத்திக் கதவைப் பார்த்தாள். கையிலிருந்த கெண்டி சாய்ந்து தேநீர் கிண்ணத்தைத் தாண்டி வழிந்தது.

"அக்கா? என்னக்கா?"

அவள் அதற்குள் கதவை இரண்டு கைகளாலும் அறைந்துகொண்டிருந்தாள். "திற! கதவைத் திற! யாரு உள்ள?"

குளம்படிச் சத்தம் சட்டென்று நின்றது. தாழ்ப்பாள் மெதுவாக விலகியது. விளையாட்டுக் கருவியை மார்போடு அணைத்துக்கொண்டு, அழுது வீங்கிய கண்களோடு ஹனான் நின்றாள்.

"பொழுது சாயற வரைக்கும் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கணும், விளையாட்டுல நடந்துதான் போகணும்னு அண்ணன் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனான், யம்மா. நான்தான் மறந்துபோய்க் குதிரையில ஏறிட்டேன்."