ஐப்பசியில் மாறிய ஸ்டிக்கர்

தீபாவளி எண்ணெய்க் குளியலுக்காகக் கழற்றி வைத்த ஸ்டிக்கர்களை நாகலிங்கம் கண்ணாடி போடாமலே எடுத்து, மனைவியுடையதைத் தன் கையிலும் தன்னுடையதை அவள் கையிலும் ஒட்டிவிட்டார். ரத்தத்தைப் படித்து அவரவர் பெயரில் சேதி அனுப்பும் ஸ்டிக்கர்கள் அவை. தவமணி ஆஸ்துமாக்காரி, ஐப்பசி மழை தொடங்கினாலே அவள் ரத்தத்தில் எதிர்ப்பணுக்கள் எகிறும். இந்த வருஷமோ மாடியறைச் சுவரில் இருந்த மருந்துப்பெட்டி, "தவமணி பச்சை, நாகலிங்கம் சிவப்பு" என்றது.

நாகலிங்கம் உடனே இருமத் தொடங்கினார். பெட்டியே சொன்ன பிறகு இருமாமல் இருந்தால் மரியாதையா? அதன் குழாயில் வேளை தவறாமல் மருந்தை உறிஞ்சினார். படுத்தபடியே வெந்நீர், மிளகு ரசம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். தவமணி சுமந்துகொண்டு ஏறினாள்.

ஆறாம் நாள் ரசம் வரவில்லை. எட்டிப் பார்த்தார். அவள் பாதிப் படியில் கைப்பிடியைப் பற்றி நின்றாள். தோள்கள் ஏறி ஏறி இறங்கின.

"என்ன தவம்?"

"ஒண்ணுமில்லைங்க. எனக்குப் பச்சைதானே."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய் டம்ளரை வாங்கும்போதுதான் தன் கை ஸ்டிக்கரின் ஓரத்தில் 'தவமணி' என்றிருப்பதைப் படித்தார். இருமல் அந்த நொடியே நின்றுபோனது.

அதைப் பிய்த்து அவள் கையில் ஒட்டினார். "புதிய அளவுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்கவும்" என்றது பெட்டி.

அவர் படியிலேயே உட்கார்ந்தார். "பெட்டி கெடக்கட்டும். நீ சொல்லு. மூச்சு விட முடியுதா?"

பெட்டி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் யாரையும் அப்படிக் கேட்டதில்லை.

"மூணு நாளா முடியலைங்க," என்றாள் தவமணி. "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."