மேட்டுப்பாத்திக்கு அடியில்

செங்கற்களுக்குத் தலைகால் புரியவில்லை. கொல்லையில் மேட்டுப்பாத்தி கட்டப் போகிறார்கள். அதற்குச் சுவரே அவைதான்!

"கொஞ்சம் பொறுங்கப்பா," என்றது மண்வெட்டி. "அடியில கோரைக்களையோட கிழங்கு கிடக்கு. கொத்திப் பொறுக்கிடறேன்."

"அது யார் கண்ணுக்குத் தெரியப்போகுது? மேல ஒரு அடி மண்ணு கொட்டப்போறோம்ல!" என்று அதட்டியது பெரிய செங்கல். மற்றவை "ஆமா, ஆமா!" என்று ஓடிப்போய் வரிசையாக உட்கார்ந்துகொண்டன.

செம்மண் வந்தது, மக்கிய எரு வந்தது, கத்தரி விதையும் விழுந்தது.

எட்டாம் நாள் காலையில் பச்சையாக ஒரு நுனி எட்டிப் பார்த்தது. "வந்துருச்சு! நம்ம கத்தரி வந்துருச்சு!" என்று செங்கற்கள் கூத்தாடின.

அந்தக் கோரைக்குருத்து பூரித்துப்போய்க் கீழே குனிந்து கத்தியது: "சித்தப்பா, எல்லாரையும் கூட்டிட்டு மேல வாங்க! நமக்கு இப்படியொரு வரவேற்பு எங்கேயும் கிடைச்சதில்ல!"