கால் நொடி

டாக்டர் தமயந்தி எத்திராஜின் தலைமேல் பிடித்திருந்த, மூளைக்குத் துடிப்பு அனுப்பும் காந்த வளையம் ‘டக்’கென்றதும், ஏழு வருடங்களாக நடுங்கும் அவருடைய வலது கை ஒருமுறை துள்ளி அப்படியே நின்றது. பிறகு மறுபடியும் நடுங்கத் தொடங்கியது. ஒரு காலத்தில் பேட்டையின் கேரம் சாம்பியனாக இருந்த எத்திராஜ் தன் கையையே பார்த்தார்.

“எவ்ளோ நேரம் நின்னுச்சு மேடம்?”

என்ன நோய் என்று கண்டுபிடிக்கத் தமயந்திக்கும் அதுதான் வேண்டியிருந்தது. கையின் தசைத் துடிப்பைக் காட்டும் திரையில் கோடு தட்டையாக ஓடிய இடத்தை அளந்தாள்.

“கால் செகண்டு.”

“ஸ்டிரைக்கரத் தட்ட அது போதும்.”

“அந்த நேரத்துல நீங்க சொன்னாலும் கை கேக்காதுங்க.”

“கேக்குதா இல்லையான்னு பாத்துடலாமே மேடம்.”

இடது கையால் சட்டைப் பையிலிருந்து ஸ்டிரைக்கரையும் ஒரு சிவப்புக் காயையும் எடுத்து மேசைமேல் வைத்தார்.

“எந்தப் பக்கமா அடிப்பீங்க?” என்று கேட்டுக்கொண்டே தமயந்தி மேசைமேல் இருந்த ஃபைல்களை ஒதுக்கினாள்.