எதிர்வீட்டு மணி

“பார்வதியம்மாள்கிட்ட இருந்து பட்டனைத் திரும்ப வாங்கப் போறோம் அண்ணாச்சி” என்றாள் ஆராய்ச்சிக் குழுவிலிருந்து வந்த காவியா.

காசிராஜன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

போன வெள்ளத்தில் தனியாக இருந்தவர்கள் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டு பட்ட பாட்டைப் பார்த்து, காவியாவின் குழு பத்தே நாளில் நிதி வாங்கித் தொடங்கிய ஆராய்ச்சி அது. தனியாக இருப்பவர் ஆபத்தில் பட்டனை அமுக்கினால், மீட்புப் படகு வரும்வரை காத்திராமல் பக்கத்துத் தன்னார்வலர் வீட்டில் மணி அடிக்கும். சங்கரன்கோவிலில் நாற்பது தெருக்களில் சோதனை. இந்தத் தெருவுக்குத் தன்னார்வலர், ஓய்வுபெற்ற கண்டக்டர் காசிராஜன். பட்டன் எதிர்வீட்டுப் பார்வதியம்மாளிடம்.

“மூணு மாசத்துல முப்பத்தோரு பொய் அழைப்பு. இப்படி இருந்தா அடுத்த கட்ட நிதி வராது. மத்தவங்களுக்கும் கிடைக்காமப் போயிரும்.”

“பொய்யின்னு எப்படிம்மா சொல்லுத? ஒரு நாள் கேஸ் வாடை அடிச்சுது. ஒரு நாள் பாம்பு.”

“பாம்பா?”

“போய்ப் பார்த்தா சைக்கிள் டியூப்பு. அதுக்கென்ன, பயந்திருக்காங்க.”

காவியா சிரிக்கவில்லை. காசிராஜன் விடுவதாக இல்லை.

“மகன் துபாய்ல இருக்கான். பேச ஒரு நாதி கிடையாது. மணி அடிச்சா நான் சட்டையை மாட்டிட்டு ஓடுதேன். உக்காரச் சொல்லி ரெண்டு தோசை சுட்டுத் தாராங்க. அரை மணி நேரம் பேசிட்டு வாரேன். தனிமை பொல்லாததும்மா. அந்தம்மாவை அப்படி விட்டுராதீங்க.”

அவர் மனைவி போய் எட்டு மாதமாகிறது. அந்த மணியும் நின்றுபோனால் தன்னைத் தேட இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

“நான் என்ன செய்ய அண்ணாச்சி? அறிக்கையில காரணம் காட்டணும். எதுக்கு அமுக்குனீங்கன்னு அவங்களையே எழுதித் தரச் சொன்னேன்.”

“எழுதினாங்களா?”

காவியா தயங்கித் தயங்கித்தான் அந்தத் தாளை நீட்டினாள். காசிராஜன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

‘எனக்கு ஒரு ஆபத்தும் இல்லை. எதிர்வீட்டு அண்ணாச்சி, சம்சாரம் போனதில் இருந்து சாப்பிடாமல் கொள்ளாமல் உள்ளேயே கிடக்கிறார். ரெண்டு நாள் சேர்ந்தாற்போல் அவர் வீட்டுக் கதவு திறக்கவில்லை என்றால், நான் பட்டனை அமுக்குவேன்.’