இரண்டு பூச்சு

ஒகேனக்கல் துறையில் ஓட்டைப் பரிசலைப் புதுப்பிக்கும் தர்மத்தை அந்த வட்டாரத்து ஜமீன்தாரான மிட்டாதார் ஏற்றுக்கொண்டார். பரிசல்காரன் தொட்டையன் புதுத் தோல் போர்த்தித் தைத்து முடித்தான். தையல்மீது இரண்டு பூச்சுத் தார் ஏறினால்தான் தண்ணீர் தாங்கும். மிட்டாதாரின் கணக்கப்பிள்ளையோ ஒரே ஒரு டப்பாத் தாரோடு வந்தார்.

"யுத்த காலம்டா, எங்கயும் தார் கெடையாது. மொதல்ல 'உபயம்'னு போட்டு எசமான் பேரை எழுது. அக்கரையில நிக்கறவனுக்கும் தெரியோணும்."

"பேரு தண்ணியத் தடுக்காதுங்க, சாமி. நாளைக்கு என் தங்கச்சி இதுலதானுங்க புருசன் வூட்டுக்குப் போறா."

"புண்ணியவான் பேருடா! அதுவே கரை சேர்த்துரும்."

பட்டங்கள் நான்கோடும் மிட்டாதார் பெயர் முழ உயரத்தில் பரிசலைச் சுற்றி வந்தது. தையலுக்கு மிஞ்சியது டப்பாவைச் சுரண்டிய கசடுதான்.

மறுநாள் நடு ஆற்றில் தையல் வாய் பிளந்தது. தங்கச்சியோடு சேர்த்து ஐந்து பேரை ஆறு கொண்டுபோயிற்று. பரிசல் மட்டும் கவிழ்ந்தபடி கரை ஒதுங்கியது. பட்டங்களில் ஓர் எழுத்துகூட அழியவில்லை.

போலீசு வருமுன் கணக்கப்பிள்ளை ஓடி வந்தார். பின்னால் இரண்டு ஆட்கள் தலைச்சுமையாகக் கொண்டுவந்த தார் டப்பாக்களை இறக்கினார்கள்.

"எசமான் பேரு வெளிய தெரியாம ரெண்டு பூச்சுப் பூசுடா. பத்தலைன்னா சொல்லு, குடோன் நெறையக் கெடக்குது."