ஓடையோரத்து நிரை

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள் மக்களே. கையிலிருக்கிற சாயா ஆறுவதற்குள் சாந்தம்மாளின் வயிற்றெரிச்சலைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

காலை பத்து மணி. தேவிகுளத்துக்கு மேலே தேயிலைக்காட்டில் மூடுபனி விலகவில்லை. ஸ்வெட்டர் போட்டவர்களே நடுங்கிக்கொண்டு கொழுந்து எடுக்கிறார்கள். நாச்சம்மாள் மட்டும் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, ஓடைப் பக்கமிருந்து ஏறி வருகிறாள். முகம் புதுப்பெண் மாதிரிச் சிவந்து கிடக்கிறது. பத்தடி பின்னால், கையில் ஈரத் துண்டோடு கங்காணி பெரியமுத்து.

சாயாப் பாத்திரத்தைத் தூக்கி வந்த சாந்தம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். பெரியமுத்து அவள் புருஷன். இருபத்தெட்டு வருஷத்துப் புருஷன்.

ஒரு வாரமாகவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். யாருக்கு எந்த நிரை, அதாவது எந்தச் செடி வரிசை, என்று பிரித்துக் கொடுப்பது கங்காணி. ஓடையோரத்து நிரை என்றால் நிழல் உண்டு, தண்ணீர் உண்டு, ஏற்றம் கிடையாது. எல்லாரும் ஏங்குகிற அந்த நிரை தினமும் நாச்சம்மாளுக்கே. அவளுக்கு முன்னால் கற்பகத்துக்கு. அதற்கும் முன்னால் முத்தாத்தாளுக்கு. போதாததற்கு, சாயாவை நீட்டினால் இந்த நாச்சம்மாள் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்!

"ஏட்டி அஞ்சு, அந்த நெர உனக்கு ஒரு நாளாச்சும் கெடச்சுதா?" ஒன்றும் தெரியாதவள் போல், டம்ளரில் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"எனக்கா? நல்லாக் கேட்டீக பெரியம்மா!" இருபத்துமூன்று வயது அஞ்சு சிரித்தாள். "உங்க வீட்டுக்காரருக்கு நாப்பத்தஞ்சு தாண்டினவுகதான் கண்ணுக்குத் தெரியும். எங்களுக்கெல்லாம் மேட்டு நெரதான்."

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். சாந்தம்மாளுக்குச் சுருக்கென்றது. குமரியைப் பார்த்து மயங்கினாலாவது ஆம்பளைப் புத்தி என்று தள்ளிவிடலாம். தன் வயசுக்காரியிடம் இந்த மனுஷன் அப்படி என்னத்தைக் கண்டார்?

இன்றைக்குக் கேட்டுவிடுவது, சந்தேகம் நிசமென்றால் மத்தியானத் தேனி பஸ்ஸில் மகள் வீட்டுக்குப் போய்விடுவது, இனித் திரும்புவதில்லை. இந்த முடிவோடுதான் வந்திருந்தாள். துணிப்பைகூடக் கட்டி வைத்தாயிற்று.

பெரியமுத்து மேட்டுப் பக்கம் நகர்ந்ததும் நாச்சம்மாளின் கையைப் பிடித்து ஓடையோரம் இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னட்டி சொக்குப்பொடி போட்ட எம் புருஷனுக்கு?"

"ஐயோ மதினி! அண்ணனைப் போயி..."

"அண்ணனாம் அண்ணன்! எந்த ஊர்ல அண்ணங்காரன் ஈரத் துண்டைத் தூக்கிட்டுப் பின்னாலயே வாரான்? மூஞ்சியப் பாரு, குங்குமத்தக் கரச்சு ஊத்தினாப்ல!"

நாச்சம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆறு மாசமா எனக்கு மாசத் தூரமே வரல மதினி. திடீர் திடீர்னு நெஞ்சுலருந்து தீயா ஏறுது. மேலெல்லாம் வேர்த்து ஊத்துது, பெறகு வெடவெடன்னு குளிருது. ஏதோ கெட்ட சீக்குன்னு பயந்து யார்ட்டயும் மூச்சு விடல."

சாந்தம்மாளின் பிடி தளர்ந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்கும் அதே தீதான். உலகத்தில் தனக்கு மட்டும் வந்ததென்று அவளும் வாயைப் பொத்திக்கொண்டுதான் திரிந்தாள்.

தளர்ந்த கை மறுபடி இறுகியது.

"எனக்குந்தாம்ட்டி வந்துச்சு! என்னன்னு சொல்லக் கூச்சப்பட்டு, இந்த நெரயக் குடுங்கன்னு மட்டும் கேட்டேன். 'கங்காணி பொண்டாட்டின்னா தனிச் சட்டமா? நாலு பேரு என்னைய என்ன பேசுவாக?'ன்னு அத்தன பேரு முன்னால ஏசி, மேட்டுக்கு வெரட்டுனாரு. வெயில்ல மயங்கி விழுந்தேன். கொழுந்து வேலையே வேண்டாம்னு சாயா தூக்க வந்தேன். இன்னைக்கு வரைக்கும் என்ன ஏதுன்னு ஒரு வார்த்த கேக்கல. ஒனக்கு மட்டும் துண்டு நனைச்சுக் குடுக்காரா? நான் எதுலட்டி கொறஞ்சு போனேன்?"

சொக்குப்பொடியைவிட இதுதான் அவளை எரித்துக்கொண்டிருந்தது.

நாச்சம்மாள் அவள் கையை விடுவிக்கவில்லை. தன் மற்றக் கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டாள்.

"நான் அவுகட்டச் சொல்லவே இல்ல மதினி. நான் வேர்த்து நிக்கிறதப் பாத்து அவுகளாத்தான் வந்தாக. 'இது சீக்கு இல்ல தாயி, எங்க வீட்டுலயும் வந்துச்சு. துண்ட நனச்சுக் கழுத்துல போடு, சூடாச் சாயா குடிக்காத, டிஸ்பென்சரி நர்சம்மாட்டக் கூச்சப்படாமச் சொல்லு'ன்னாக. கற்பகத்துக்கும் முத்தாத்தாளுக்கும் இப்படித்தான்."

"எங்க வீட்டுலன்னா சொன்னாரு?"

"நீங்க விழுந்த அன்னைக்கு அந்த நர்சம்மா அண்ணனத் தனியாக் கூப்பிட்டு, 'தூரம் நிக்கிற வயசுல வர்ற சூடு இது, இதுகூடவா தெரியாது?'ன்னு வஞ்சு தீத்துட்டாகளாம். உங்ககிட்ட வந்து தப்புன்னு சொல்ல வெக்கம். உங்க காதுக்கு எதுவும் போகக் கூடாதுன்னு எங்க எல்லார்ட்டயும் சத்தியம் வாங்கி வச்சிருக்காக." நாச்சம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "காலைல பேர் கூப்பிட்டு நெர பிரிக்கையில நீங்க சாயாக் கொட்டகையில இருப்பீக. மத்த நெரைக்கெல்லாம் நம்பருதான். இது ஒண்ணுக்கு மட்டும் அண்ணன் ஒரு பேரு வச்சிருக்காக மதினி."

"என்ன பேரு?"

"சாந்தா நெர."

உங்கள் வீட்டிலும் எல்லாரும் உடம்பும் மனசும் குளிர்ந்து நல்லா இருக்கணும், மக்களே.